சட்டியிலேயே தொடங்கும் செரிமானம்

கோவை கணபதியில் சத்தி ரோட்டை ஒட்டிய மருந்துக்கடைகளில் குழந்தைகளுக்கென்று ஓர் அலமாரி இருக்கும். காய்ச்சல் சிரப்புகளுக்கு அடுத்த தட்டு முழுக்க வயிற்றுக்கானது. கிரைப் வாட்டர், செரிமானச் சொட்டு மருந்து, பழவாசனை சேர்த்த என்சைம் டானிக், ஐந்து மில்லி பிளாஸ்டிக் குப்பியில் பாக்டீரியா, சின்னப் பொட்டலத்தில் ஈஸ்ட் பொடி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். "ஏனுங்க, புள்ளைக்குச் செரிக்கவே மாட்டேங்குதுங்க. வாயில வெச்சா துப்பிப்போடுது. பசி எடுக்கற மாதிரி ஒரு சிரப்பு குடுங்க" என்று பேரனை இடுப்பில் வைத்தபடி கேட்கும் அம்மாயிகளையும், பட்டறை வேலை முடிந்து வரும் வழியில் வாங்கிப்போகும் அப்பாக்களையும் அங்கே பார்க்கலாம்.

அந்த ஒரு பேச்சுக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. குழந்தையின் குடலில் செரிமான நொதி குறைவாக இருக்கிறதா? இருக்கவேண்டிய நுண்ணுயிர்கள் இல்லையா? அல்லது குறை குழந்தையிடம் இல்லாமல், நாம் ஊட்டும் கூழில் இருக்கிறதா? மருந்துக்கடை அலமாரி முதல் இரண்டுக்கு மட்டுமே பதில் வைத்திருக்கிறது. மூன்றாவதற்கான பதில் கொங்கு நாட்டு அடுப்படியில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அதன் வேதியியல் பலருக்குத் தெரியாது.

பிறக்கும்போது கையிருப்பு

பிறந்த குழந்தையின் குடல் ஒரே ஓர் உணவுக்காகத் தயாராகி வருகிறது. பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்கும் லாக்டேஸ் நொதி, நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் சிறுகுடலில் தேவைக்கு இருக்கும். கொழுப்பைச் செரிக்கும் கணைய நொதி அந்த வயதில் குறைவுதான். ஆனால் இரைப்பையிலேயே ஒரு லைப்பேஸ் சுரக்கிறது, தாய்ப்பாலுக்குள்ளேயே இன்னொரு லைப்பேஸ் வந்துவிடுகிறது. உணவோடு சேர்த்து அதைச் செரிப்பதற்கான நொதியையும் தாய் ஊட்டிவிடுகிறாள்.

உண்மையிலேயே பற்றாக்குறையாக இருப்பது கணைய அமிலேஸ், அதாவது மாவுச்சத்தை உடைக்கும் நொதி. பிறந்த முதல் மாதங்களில் இது மிகச் சொற்பம். அரை வயதுக்குப் பிறகு படிப்படியாகக் கூடுகிறது. அதுவரை எச்சிலில் உள்ள அமிலேஸும், தாய்ப்பாலில் வரும் அமிலேஸும், சிறுகுடலின் சுவரில் இருக்கும் குளுக்கோஅமிலேஸும் ஓரளவு ஈடுகட்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு உள்ள பல காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தின் லேபிளைப் பாருங்கள். பலவற்றில் அமிலேஸ் இருக்கும், பப்பாளியிலிருந்து எடுத்த பப்பெயின் இருக்கும், சதகுப்பை, சோம்பு எண்ணெய்கள் இருக்கும். பால் மட்டும் குடிக்கும் மூன்று மாதக் குழந்தையின் வயிற்றில் மாவுச்சத்து என்பதே கிடையாது. அங்கே போய் அமிலேஸ் எதை உடைக்கும்? பப்பெயின் புரதத்தை உடைக்கும் நொதி. பால் புரதத்துக்குத் தேவையானது குழந்தையிடமே இருக்கிறது. வீறிட்டு அழுத குழந்தை சொட்டு மருந்துக்குப் பின் அடங்கியதாகத் தோன்றுவதும் உண்மைதான். கைக்குழந்தையின் இனம்புரியாத அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாகவே ஓய்ந்துவிடும். அந்த இடைவெளியில் எதைக் கொடுத்தாலும் அதற்கே நல்ல பெயர்.

முளையிலிருந்து வந்த முதல் நொதி

மனிதர் பிரித்தெடுத்த முதல் நொதியே மாவுச்சத்தை உடைப்பதுதான். 1833-ல் பிரான்சில் ஆன்செல்ம் பயென், ழான் பிரான்சுவா பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள், முளைவிட்ட பார்லியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். கெட்டியான மாவுக் கஞ்சியில் அதைச் சிறிதளவு சேர்த்தாலும் கஞ்சி நீர்த்து, இனிக்கத் தொடங்கியது. அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். தானியம் முளைக்கும்போது, சேமித்து வைத்த மாவை முளைக்கு உணவாக்க அதுவே உருவாக்கிக்கொள்ளும் நொதி அது.

அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிந்தன. ஒன்று பாத்திரத்துக்குள் போனது. 1860-களில் ஜெர்மனியின் யுஸ்டஸ் ஃபான் லீபிக், கோதுமை மாவு, முளைகட்டிய மாவு, பசும்பால், சிறிது பொட்டாசியம் பைகார்பனேட் சேர்த்துக் குழந்தை உணவு ஒன்றை வடிவமைத்தார். அதே வழியில் 1873-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் சகோதரர்கள் தொழில் தொடங்கினார்கள். பார்லி மால்ட்டின் நொதி தொட்டியிலேயே மாவை உடைத்து முடித்த பிறகு பாலோடு சேர்த்து உலர்த்திய பொடி அவர்களுடையது. தமிழ்நாட்டு வீடுகளின் அலமாரியில் பல தலைமுறையாக நிற்கும் ஹார்லிக்ஸ் பாட்டிலின் வேர் இதுதான். அதில் நொதியின் வேலை வாய்க்குப் போகுமுன்பே முடிந்துவிடுகிறது.

இன்னொரு பாதை மருந்துப் புட்டிக்குள் போனது. ஜப்பானியரான ஜோகிச்சி தகாமினே, அரிசி மதுவுக்குப் பயன்படும் ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சையிலிருந்து டயஸ்டேஸ் எடுக்கும் முறைக்கு 1894-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். பார்க் டேவிஸ் கம்பெனி அதை அஜீரண மருந்தாக விற்றது. இன்று நம்மூர் டானிக்குகளின் லேபிளில் 'ஃபங்கல் டயஸ்டேஸ்' என்று இருப்பது அந்த வழியில் வந்தது. அதோடு பெரும்பாலும் பெப்சினும் சேர்ந்திருக்கும். பெப்சினுக்குக் கடும் அமிலம் வேண்டும், பூஞ்சை டயஸ்டேஸுக்கு மிதமான அமிலம் வேண்டும். ஒரே கரண்டியில் போகும் இரண்டும் இரைப்பைக்குள் ஒரே நேரத்தில் முழுத் திறனோடு வேலை செய்வது கடினம்.

கூழின் கணக்கு

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு முதல் கூழ் ஊட்டும் நாளில் ஒரு சிக்கல் தொடங்குகிறது. குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்குக் கொள்ளும் அளவு, எடையில் கிலோவுக்குச் சுமார் 30 கிராம். ஏழரைக் கிலோ குழந்தை என்றால் 225 மில்லி, கிட்டத்தட்ட ஒரு டம்ளர். தாய்ப்பாலுக்கு மேல் இந்த வயதில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கேழ்வரகு மாவில் 100 கிராமுக்குச் சுமார் 330 கலோரி. குழந்தை விழுங்கும் பதத்தில் தண்ணியாகக் காய்ச்சினால் ஒரு டம்ளருக்குப் பத்து கிராம் மாவுதான் பிடிக்கும். அது 33 கலோரி. அதே டம்ளரில் 40 கிராம் மாவு போட்டால் 130 கலோரிக்கு மேல் கிடைக்கும், ஆனால் கூழ் களியாகிவிடும். மாவுச்சத்துத் துகள்கள் சூட்டில் தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்வதால் வரும் வினை இது. களியை ஊட்டினால் குழந்தை துப்புகிறது. தண்ணிக் கூழை ஊட்டினால் வயிறு நிறைந்தும் உடம்பு தேறுவதில்லை. மருந்துக்கடையில் "செரிக்கல, பசிக்கல" என்று சொல்லப்படும் புகார்களில் பலவற்றுக்கு இந்தக் கணக்கே காரணமாக இருக்கலாம்.

இந்தக் கணக்கை உடைப்பது முளை. கேழ்வரகை இரவு ஊறவைத்து, துணியில் மூட்டையாகக் கட்டி ஒன்றிரண்டு நாள் வைத்தால் ஆல்ஃபா அமிலேஸ் பெருகுகிறது. இது மாவுச்சத்துச் சங்கிலியைக் கண்ட இடத்தில் நடுவில் வெட்டும். நீண்ட பூச்சரத்தை நாலைந்து இடத்தில் அறுத்தால் பூ ஒன்றும் குறையாது, ஆனால் சரம் சிக்கிக்கொள்ளாது. அதேபோல் கலோரி அப்படியே இருக்க, கூழ் இளகிவிடும். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் மல்லேஷி, தேசிகாச்சார் ஆகியோர் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து கேழ்வரகு, சோளம், பாசிப்பயறு ஆகியவற்றை முளைகட்டி இதை அளந்து 1981-ல் வெளியிட்டார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவினர் அடுத்த படிக்குப் போனார்கள். வீட்டில் எப்போதும் காய்ச்சும் கெட்டிக் கூழிலேயே முளைமாவைக் கொஞ்சம் கலந்தால் போதும், சில நிமிடங்களில் இளகிவிடும் என்று காட்டினார்கள்.

கொங்குப் பகுதியில் கைக்குழந்தைக்குக் காய்ச்சும் ராகிப்பால் இந்த வேதியியலைத் தானாகவே பிடித்துவைத்திருக்கிறது. முளைகட்டிய கேழ்வரகைப் பச்சையாக அரைத்து, துணியில் வடிகட்டி, அந்தப் பாலைச் சிறுதீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுகிறார்கள். சூடு மெல்ல ஏறும்போது கலவை 60 டிகிரியைக் கடந்து போகிறது. மாவுச்சத்து உப்பத் தொடங்குவதும் நொதி மும்முரமாக வெட்டுவதும் அந்தச் சூட்டில்தான். பிறகு கொதி வரும்போது நொதி செயலிழந்துவிடும், ஆனால் வேலை முடிந்திருக்கும்.

வீட்டுச் சத்துமாவில் நடக்கும் தவறும் இதிலிருந்தே புரியும். முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகை மணம் வரும்வரை சிவக்க வறுத்துத்தான் பலர் அரைக்கிறார்கள். வறுத்த மாவு கெடாது, வாசனையும் நன்றாக இருக்கும். ஆனால் வாணலியிலேயே நொதி செத்துவிடுகிறது. முளைகட்டிய சிரமத்துக்கு வேறு பலன்கள் மிஞ்சும். கூழை இளக்கும் பலன் போய்விடும். சத்துமாவை எப்போதும்போல் வறுத்துக்கொண்டு, முளைகட்டி வெயிலில் மட்டும் காயவைத்த கேழ்வரகு மாவைச் சிறு டப்பாவில் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கெட்டிக் கூழ் காய்ச்சி இறக்கி, கொஞ்சம் ஆறியதும் ஒரு சிறு கரண்டி கலந்து கிளறினால் இளகும். முளைகட்டும் ஈரத்தில் கிருமியும் பூஞ்சையும் வளரக்கூடும் என்பதால், இளகிய கூழை மறுபடி ஒரு கொதி வைத்தே ஊட்டவேண்டும்.

எல்லாத் தானியத்துக்கும் இது பொருந்தாது. சோள முளையில் தூரின் என்ற பொருள் இருக்கிறது. அது உடைந்தால் சயனைடு வரும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு உப்பிச் சாகும் என்று கொங்கு விவசாயிகள் அஞ்சுவது இதே பொருளுக்காகத்தான். சோளத்தை முளைகட்டுவதானால் முளையையும் வேரையும் முழுக்கத் தேய்த்து நீக்கவேண்டும். குழந்தைக்குக் கேழ்வரகோடு நிற்பதே உத்தமம்.

கணபதிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அவினாசிலிங்கம் கல்லூரி, ராஜம்மாள் தேவதாஸ் தலைமையில் இணை உணவு ஆராய்ச்சிக்குப் பேர்போன இடமாக இருந்தது. அங்கே உருவான 'குழந்தை அமுது' இன்றும் சத்துணவியல் பாடநூல்களில் இடம்பெறுகிறது. சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் இவற்றில் கிடைக்கும் ஒன்று, அதோடு வறுத்த பாசிப்பருப்பு, நிலக்கடலை, வெல்லம். விலை மலிவான உள்ளூர்ப் பொருட்களிலேயே புரதமும் கலோரியும் கிடைக்கும் என்று காட்டிய கலவை அது. அதை ஒரு கரண்டி முளைமாவோடு சேர்த்தால் இரண்டு அறிவும் ஒரே கிண்ணத்தில் வந்துவிடும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூழ் இளகினால் குழந்தை ஒரு வேளைக்குக் கூடுதல் கலோரி உண்ணும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அதனால் மட்டுமே உயரமும் எடையும் கூடிவிடும் என்று எல்லா ஆய்வுகளும் காட்டவில்லை. பருப்பு, முட்டை, நெய், கீரை, பழம், தொடரும் தாய்ப்பால் ஆகியவற்றின் வேலையை முளைமாவு செய்யாது.

நொதி மருந்தே உயிர்காக்கும் இடம்

புட்டி நொதியை ஒட்டுமொத்தமாகக் கேலி செய்வதும் தவறு. கணையமே கெட்டுப்போன குழந்தைகள் இருக்கிறார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் கணைய நாளங்கள் அடைபடுகின்றன. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், சிறுவயதிலேயே தொடங்கும் ஒருவகைக் கணைய அழற்சியை 1960-களில் மருத்துவர் கீவர்கீஸ் விரிவாகப் பதிவுசெய்தார். கணையத்தில் கல், விடாத வயிற்றுவலி, வளர்ந்தபின் நீரிழிவு என்று போகும் நோய் அது. இப்படிப்பட்ட குழந்தைகளின் மலம் எண்ணெய் மினுக்கோடு, துர்நாற்றத்தோடு, ஏராளமாகப் போகும். நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பார்கள். இவர்களுக்குப் பன்றிக் கணையத்திலிருந்து எடுத்து, இரைப்பை அமிலத்தில் கரையாத உறை போட்ட நொதி மாத்திரைகளை ஒவ்வொரு வேளை உணவோடும் கொடுக்கிறார்கள். அதன் அளவு குழந்தையின் எடைக்கு ஏற்ப லைப்பேஸ் யூனிட்டில் கணக்கிடப்படும். அளவு மிஞ்சினால் ஆபத்து. மிக வீரியமான நொதி மாத்திரைகள் வந்த புதிதில், அவற்றைச் சாப்பிட்ட குழந்தைகளின் பெருங்குடல் தடித்துச் சுருங்கியதை லிவர்பூல் மருத்துவர்கள் 1994-ல் வெளிப்படுத்தினார்கள். அதன்பிறகே ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 2,500 லைப்பேஸ் யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வந்தது.

மருந்து வேலை செய்தால் அதற்கு அளவு இருக்கும், அளவு மிஞ்சினால் கேடும் இருக்கும். பழவாசனை டானிக்குகளைப் பற்றி யாரும் இந்த அளவு அக்கறையோடு கணக்கிடுவதில்லை. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அமிலேஸ், புரோட்டியேஸ், லாக்டேஸ், லைப்பேஸ், புரோமலைன், பப்பெயின் என்று பத்துக்கும் மேற்பட்ட நொதிகளை ஒன்றாக அடைத்த கலவையும் அதில் ஒன்று.

நாட்டு மருந்து என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது. 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர்பெற்ற வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுக்கும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. வசம்பில் உள்ள பீட்டா அசரோன் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968-லேயே அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது.

எந்த பாக்டீரியா, எந்த ரகம்?

குழந்தைக்கு நல்ல பாக்டீரியாவைக் கொடுக்கலாம் என்ற எண்ணம் நூறாண்டைத் தாண்டியது. 1899-ல் பாரிஸில் ஆன்ரி திஸியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கிளைத்த வடிவ பாக்டீரியாக்களைக் கண்டார். இன்று அவை பிஃபிடோபாக்டீரியம் எனப்படுகின்றன. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரைச் சங்கிலிகள் நிறைய இருக்கின்றன. திடப்பொருட்களில் லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்த இடம் அவற்றுக்குத்தான். அவை பெரும்பாலும் இந்த பாக்டீரியாவுக்கான தீனி. குழந்தையோடு சேர்த்து அதன் குடல்வாசிகளுக்கும் தாய் உணவு தருகிறாள்.

இப்படி உயிரோடு கொடுக்கும் நல்ல நுண்ணுயிர்களை புரோபயாடிக் என்பார்கள். புரோபயாடிக் ஆய்வுகளில் இந்தியாவின் பங்கு பெரிது. கொல்கத்தா குடிசைப் பகுதியில் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 3,758 குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வாரம் தினமும் யாகுல்ட் பானமோ, பாக்டீரியா இல்லாத அதே மாதிரி பானமோ கொடுத்தார்கள். 2011-ல் வெளியான முடிவு: வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைவு. ஒடிசாவில் பினாகி பாணிகிரகி குழுவினர் 149 கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளுக்கு, லாக்டோபாசில்லஸ் பிளான்டேரம் வகையின் குறிப்பிட்ட ஒரு ரகத்தை, அதற்கான தீனிச் சர்க்கரையோடு, ஏழே நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமித்தொற்றோ மரணமோ நேர்ந்தவர்கள் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017-ல் 'நேச்சர்' இதழில் வந்த இந்த முடிவு உலகையே திரும்பிப் பார்க்கவைத்தது.

அதே சமயம் வேலூர் சி.எம்.சி.யில் 620 கைக்குழந்தைகளுக்கு எல்.ஜி.ஜி. என்ற ரகத்தையும் துத்தநாகத்தையும் கொடுத்து, வாய்வழி ரோட்டா தடுப்பூசியின் பலன் கூடுகிறதா என்று பார்த்தார்கள். கூடியது சிறிதளவே. 2018-ல் அமெரிக்காவில் 971 குழந்தைகளிடமும் கனடாவில் 886 குழந்தைகளிடமும் நடந்த இரண்டு ஆய்வுகள், கடும் வயிற்றுப்போக்கில் புரோபயாடிக் கொடுத்தவர்களும் வெறும் பொடி கொடுத்தவர்களும் ஒரே வேகத்தில் தேறினார்கள் என்று காட்டின.

இவற்றில் முரண்பாடு இல்லை. ரகம் வேறு, வயது வேறு, நோய் வேறு. ஒடிசா ரகம் பச்சிளங்குழந்தையின் தொற்றைத் தடுத்தது என்பது, வேறொரு ரகம் மூன்று வயதுக் குழந்தையின் பேதியை நிறுத்தும் என்பதற்குச் சான்று ஆகாது. தாய்ப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் விடாத அழுகைக்கு லாக்டோபாசில்லஸ் ராய்டெரியின் ஒரு ரகம் உதவுகிறது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தையிடம் அதே ரகத்தின் பலன் நிரூபணமாகவில்லை. உயிருள்ள கிருமி என்பதால் ஆபத்தும் உயிருள்ளதுதான். 2023-ல் அமெரிக்காவில் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில் பிறந்த குழந்தை ஒன்று, புரோபயாடிக்கில் கொடுத்த அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி இறந்ததை அடுத்து, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கை விடுத்தது.

தயிரும் உப்புக்கரைசலும்

தயிரை புரோபயாடிக் என்று சொல்லலாமா? கண்டிப்பான வரையறைப்படி இல்லை. எந்த ரகம், எத்தனை கோடி என்று வீட்டு உறைமோர் சொல்லாது. ஆனால் தயிரில் நன்கு நிரூபணமான ஒரு வேலை உண்டு. ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கு சிறுகுடலின் மேற்பரப்பைச் சிதைக்கும்போது லாக்டேஸும் போய்விடுகிறது. சில நாட்களுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. தயிரின் பாக்டீரியா ஒரு பங்கு லாக்டோஸைப் பாத்திரத்திலேயே தின்றுவிடுகிறது. மிச்சத்தை உடைக்கும் நொதியையும் தன்னோடு குடலுக்குள் எடுத்துப்போகிறது. பேதி நின்ற குழந்தைக்குக் குழைந்த தயிர்சோறு ஊட்டுவதில் நொதியும் நுண்ணுயிரும் சேர்ந்தே போகின்றன. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கே இது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு எந்தப் பேதியிலும் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது.

பேதி நடக்கும்போது முதலில் வேண்டியது உப்பு-சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகலநபிஸ் இதைப் பாத்திரம் பாத்திரமாகக் கரைத்துக் கொடுத்து, காலராச் சாவுகளை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். அதோடு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதில் 10 மில்லிகிராம் துத்தநாகம், பேதி நின்றாலும் 14 நாள். இரண்டும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பேதிக்கென்று வாங்கும் பாக்டீரியாக் குப்பியும் நொதி சிரப்பும் இவற்றுக்குப் பின்னால்தான் வரவேண்டும். மலத்தில் ரத்தம், பச்சை வாந்தி, சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது, எடை கூடாமல் நிற்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

மருத்துவரே நொதியோ புரோபயாடிக்கோ எழுதிக்கொடுத்தால் நான்கு கேள்வி கேட்பதில் தப்பில்லை. எந்தக் குறைக்காக? எந்த ரகம்? எத்தனை நாள்? பலன் இல்லை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? கடைசிக் கேள்விதான் முக்கியமானது. முளைமாவு கலந்த கூழ் ஐந்து நிமிடத்தில் கரண்டியிலிருந்து வழிகிறதா இல்லையா என்று எந்தத் தாயும் பார்த்துச் சொல்லிவிடலாம். வழியவில்லை என்றால் மாவில் குறை, மாற்றிக்கொள்ளலாம். அலமாரியில் உள்ள ஒவ்வொரு புட்டியும் இப்படி ஒரு சோதனைக்குக் கட்டுப்படுமா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.